சிவப்பு தெரியாத கண்கள்

பெரியதாழை,
18 ஜனவரி 2025

செந்தூர்வேலுக்கு,

உன் அக்கா முருகேஸ்வரி எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னை நாய் கடித்துவிட்டது.

உன் நம்பர் உன் அத்தானிடம் இருக்கிறது. போட்டுத் தரவா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். மூன்று வருடம் கழித்து உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நீ அதட்டுவாய், பிறகு அப்பா பேச்சு வரும், போனை வைத்துவிடுவோம். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம். கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு நாய் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தது. குரைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வழியில் கிடக்கும் கட்டையைக் கடிப்பது மாதிரி என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு, வந்த போக்கிலேயே நேராகப் போய்விட்டது. கடித்ததைவிட, அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் ஓடி வந்தாள். "ஏளா, அழுறத நிறுத்து. மொதல்ல கால நீட்டு" என்று குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் போதும் போதும் என்று கத்தியும் விடவில்லை. அவள் புருஷன் ரோச் ஆட்டோ பிடித்து வந்தார். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கையில் தடுப்பூசி போட்டார்கள். அதோடு விடவில்லை. கடித்த இடத்தைச் சுற்றிச் சுற்றி ஊசி குத்தி இன்னொரு மருந்தை இறக்கினார்கள். உயிர் போய் வந்தது. டயானா என்று ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தடுப்பூசி வேல செய்ய நாளாகும்லா? அதுவரைக்கும் ஒங்க உடம்புக்குக் காவல் வேணும். அதுக்குத்தான் இது. குதிர ரத்தத்திலேந்து எடுக்காங்க" என்றாள்.

குதிரை என்றதும் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. "என் தம்பியும் குதிரப் பண்ணையிலதான் வேல பாக்கான்" என்றேன். உன்னைத் தம்பி என்று வெளியாள் ஒருத்தியிடம் நான் சொன்னது இந்த மூன்று வருடத்தில் அன்றுதான்.

அது உங்கள் பண்ணை மருந்தா? இப்போது எனக்குள் இருப்பது குதிரை ரத்தமா? இவ்வளவுதான் தெரிய வேண்டும். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

முருகேஸ்வரி


சாத்தாரா,
27 ஜனவரி 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று. மீதி ஊசிகளில் ஒன்றையும் தவறவிடாதே. கடைக்கு ஆள் இல்லை, சரக்கு வருகிறது என்று காரணம் சொல்லாதே. அந்த நாய் என்ன ஆயிற்று என்று விசாரித்து எழுது.

உனக்குள் இருப்பது குதிரை ரத்தம் இல்லை. குதிரைக்கு வெறிநோய்க் கிருமியைச் செத்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்க்க ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும். ஒரு வகை அல்ல, பல வகை. ஒன்று கிருமியின் தலையைப் பிடிக்கும், ஒன்று விலாவைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள். கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்துக்கொண்டு, சிவப்பு அணுக்களை மறுபடி குதிரைக்கே ஏற்றிவிடுவார்கள். பல குதிரைகளின் நீரைச் சேர்த்துச் சுத்தம் செய்ததுதான் உனக்குப் போட்ட மருந்து. ஒரு மாதத்துக்குள் அதில் துளியும் உன் உடம்பில் மிஞ்சாது.

எங்கள் பண்ணையிலும் அது தயாராகிறது. உனக்குப் போட்டது எங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குதிரைகள் வடக்கு லாயத்தில் இருக்கின்றன. நான் அதற்குள் போனதே இல்லை. முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டவர்கள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்கம், புதிதாக வாங்கி வரும் குதிரைகளைத் தனியாக வைத்திருக்கும் கொட்டகை இருக்கிறது. அதுதான் என் பொறுப்பு.

அப்பா பேச்சு வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். வரட்டும். அப்பா இறந்த செய்தி கேட்டு இரண்டு ரயில் மாறி, உடன்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தேன். நீங்களெல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு எதிரே வந்துகொண்டிருந்தீர்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு அப்பா. சாம்பலைத்தான் காட்டினாய். இதை எழுதாமல் இருந்தால் கடிதம் முழுதாகாது என்பதால் எழுதினேன்.

செந்தூர்வேல்


பெரியதாழை,
2 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

நாய் செத்துவிட்டது. கருவாடு காயப்போடும் களத்துக்குப் பின்னால் கிடந்ததாம். வாயெல்லாம் மண். ரோச் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் என் தொண்டையை நானே கவனித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் உள்ளே இறங்கியதும்தான் மூச்சு வருகிறது.

போன வாரம் காய்ச்சல் வந்தது. முட்டி, மணிக்கட்டு எல்லாம் வீங்கி, உடம்பு முழுக்கத் தடிப்பு. வெறிதான் வந்துவிட்டது என்று உன் அத்தான் ஜெயகணேஷ் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டு, குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வாரம் பத்து நாளில் இப்படிக் காட்டும், தானாக அடங்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். அடங்கிக்கொண்டுதான் வருகிறது.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொல்கிறேன், சிரிக்காதே.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது கண்ணை மூடினால் நான் வேறு எங்கோ நிற்கிறேன். தூக்கம் இல்லை; வெளியே கடல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீளமான ஒரு இடம். வைக்கோல் வாசனை. எனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிறது. முதுகுப் பக்கம்கூடப் பாதி தெரிகிறது. நான் ஒருத்தியாக இல்லை. இங்கே நிற்பதும் நான், நாலு அடி தள்ளி நிற்பதும் நான். கழுத்தில் ஊசி இறங்குகிறது. வலிக்கிறது, ஆனால் யாரும் கத்துவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் ஏதோ சூடாகத் திரும்பி உள்ளே வருகிறது.

அங்கே சிவப்பே இல்லை, தம்பி. ஒருவன் வாளி தூக்கிக்கொண்டு போகிறான். அது நம் கடையில் விற்கும் சிவப்பு வாளிதான், அச்சைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அழுக்கு மஞ்சளாக இருக்கிறது. கண்ணைத் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. நேற்று ஒருவர் மிளகாய் வற்றல் கேட்டார், மல்லியை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். "யக்கா, கண்ணு தெரியலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா விஷயம். அக்னி நட்சத்திர வெயில். ஐஸ் பெட்டி கொண்டு வந்து வைத்தோம்; கரண்ட் நின்று நின்று வந்தது. மூன்று தடவை தூக்க வந்தார்கள். நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்து மறித்தேன். "எந்தம்பி வாரான், எந்தம்பி வாரான்" என்று கத்தியது உடன்குடிக்கே தெரியும். நாலாவது தடவை நானே எழுந்து வழிவிட்டேன். அப்பா முகம் மாற ஆரம்பித்துவிட்டது. அந்த முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். தப்பென்றால் தப்புதான்.

அக்கா


சாத்தாரா,
9 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மூன்று தடவை மறித்தாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

உனக்கு வந்தது மருந்துக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலில் இப்படிக் கனவு வருவதும் உண்டு. பண்ணையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் உன் மனசில் படமாக ஓடியிருக்கும்.

இப்படி எழுதி முடித்து உறையில் போட்டுவிட்டேன். பிறகு மறுபடி பிரித்தேன்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. முதுகுப் பக்கம் பாதி தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியும். இதை நான் உனக்கு எழுதவில்லை. யாராவது சொன்னார்களா? போனில் எதிலாவது பார்த்தாயா? யோசித்துப் பார்.

வடக்கு லாயத்தில் வேலை பார்க்கும் ஒருவனிடம், வாளி என்ன நிறம் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சிவப்பு என்றான்.

இன்னும் வருகிறதா? வந்தால் எழுது. சிரிக்க மாட்டேன்.

செந்தூர்


பெரியதாழை,
14 பிப்ரவரி 2025

தம்பி செந்தூருக்கு,

யாரும் சொல்லவில்லை. எதிலும் பார்க்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது. வீக்கம் வடிந்து, சோறு இறங்குகிறது, கடைசி ஊசியும் போட்டுவிட்டேன். உன் கணக்குப்படி அந்த மருந்தும் என் உடம்பில் இல்லை. ஆனால் அவை போகவில்லை.

முன்பெல்லாம் சும்மா நிற்கும். வாலை ஆட்டும், புல் மெல்லும். இப்போது மாறிவிட்டது. நேற்றும் இன்றும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. எத்தனையோ கண், எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கதவு போட்ட ஒரு கொட்டகை. கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைக் குதிரை. பிடரியில் பட்டை பட்டையாக ஏதோ சாயம் பூசியிருக்கிறது. அதன் நிறம் எனக்குத் தெரியவில்லை. நெற்றியில் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருந்த தழும்பு மாதிரி இரண்டு புள்ளி. அது தண்ணீர்த் தொட்டிக்குள் வாயை வைக்கிறது. தண்ணீர் உள்ளே போவதில்லை. வாயோரமாக ஒழுகிவிடுகிறது. தலையை உதறிவிட்டு மறுபடி வைக்கிறது. மறுபடி ஒழுகுகிறது.

ஒரு ஆள் வருகிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அதன் தாடையைத் தட்டிக் கொடுக்கிறான். பிறகு சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கையை அதன் வாய்க்குள் முழங்கை வரைக்கும் விடுகிறான். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தேடுகிறான் போல.

அப்போது இந்தப் பக்கம் நிற்கிற எல்லாமும் ஒன்றாகத் தரையை உதைத்தன. என் காலும் உதைத்தது. கண்ணைத் திறந்தால் கடையில் எண்ணெய் டின் உருண்டு கிடக்கிறது, உன் அத்தான் பயந்து போய் நிற்கிறார். "ஏட்டி, என்ன செஞ்ச? எதுக்குக் கால இப்படி உதைக்க?" என்கிறார்.

அவை எனக்குச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. அந்த ஆளுக்குத்தான் சொல்கின்றன. அவனுக்குக் கேட்கவில்லை.

பிளாரன்ஸிடம் மட்டும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏளா, இத ஒந்தம்பிக்கு எழுது. ஒனக்கு வந்தது ஒனக்குள்ளது இல்ல" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா


சாத்தாரா,
23 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. படித்துவிட்டு, நீ போட்ட தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உறையின் மேல் தபால் முத்திரையைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

அந்த வெள்ளைக் குதிரை எங்களிடம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் விற்றது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பூசிய சிவப்புச் சாயம் பிடரியில் இன்னும் போகவில்லை. நெற்றியில் கண்ணாடி வைத்துக் கட்டிய தழும்பு. நீ எழுதிய அன்று அது என் கையிலிருந்து வாளித் தண்ணீரை முழுசாகக் குடித்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று நாள் கழித்துத்தான் குடிப்பதை நிறுத்தியது.

அந்த ஆள் நான்தான், அக்கா.

தொண்டையில் சோளத் தட்டை சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். கயிறு இழுத்து உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கையுறையும் போடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை, எச்சில்தான் இருந்தது. அப்போது வடக்கு லாயத்தில் எல்லாக் குதிரையும் உதைத்த சத்தம் கேட்டது. தீவனத்துக்கு என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனிடம் "ஏலே, அதுகளுக்குத் தீனி வைக்கலியா?" என்று நம் பேச்சில் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான்.

குதிரை செத்துவிட்டது. வயிற்று வலி என்று எழுதிப் புதைத்துவிட்டார்கள். நேற்று உன் கடிதத்தோடு எங்கள் பண்ணை டாக்டரிடம் போனேன். தமிழ் தெரியாதவர். நான் சொல்லச் சொல்ல முதலில் கேலி செய்தார். தண்ணீர் வாயோரமாக ஒழுகியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "உன் கையைக் காட்டு" என்றார். உடனே ஆளை விட்டுத் தோண்டி, மூளையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார். இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

தடுப்பூசி போட்டாயிற்று. குதிரை மருந்து எனக்குப் போட முடியாது. வருடக் கணக்கில் குதிரையோடு இருந்து உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டது. தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்கள்; மூச்சுத் திணறி, முகம் வீங்கிவிட்டது. மோனோகுளோனல் என்று வேறொரு மருந்து உண்டு. புனேயிலிருந்து வர வேண்டும். சொல்லியிருக்கிறார்கள்.

போன் செய்யாதே. உன் குரல் கேட்டால் நான் தைரியமாக இருக்க மாட்டேன். இந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் குடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பயத்தினால்தான். வேறு எதனாலும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன்.

செந்தூர்


பெரியதாழை,
26 பிப்ரவரி 2025

ஏலே செந்தூரு,

விரைவுத் தபாலில் வந்தது. நின்ற நிலையில் படித்தேன். போன் செய்யாதே என்றாய், செய்யவில்லை. அத்தான் வெளியே போய், போனில் உன் டாக்டரிடம் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தார். மருந்து வந்து காயத்தில் இறக்கியாயிற்று என்று சொல்கிறார்.

கிளம்பிவிட்டோம். பிளாரன்ஸ் கடைச் சாவியை வாங்கிக்கொண்டாள். இந்தக் கடிதம் முதலில் வருமோ நான் முதலில் வருவேனோ தெரியாது. எதற்காக எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நான் வந்து சேருகிற வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது. அன்று நான் உனக்காகக் கடைசி வரை காத்திருக்கவில்லை. நீ எனக்காகக் காத்திரு. இதை அக்கா உனக்குச் சொல்கிறேன். கேட்க வேண்டும்.

மத்தியானம் கண்ணை மூடிப் பார்த்தேன். லாயம் முழுக்க நிற்கின்றன. ஒன்றுகூட அசையவில்லை. உன்னைத் தேடினேன். நீ இல்லை.

அக்கா


சாத்தாரா,
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனை நாள் தூங்கிய உன் முதுகு எப்படி இருக்கிறது? நீ இருந்தபோது பேச வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, அரிசி விலையும் பிளாரன்ஸ் மகள் கல்யாணமும் பேசினோம். அதுவும் நல்லதுக்குத்தான்.

ஊசிகள் முடிந்துவிட்டன. ரத்தத்தில் எதிர்ப்பு நன்றாக ஏறியிருக்கிறது என்கிறார்கள். சோதனை முடிவும் எழுத்தில் வந்துவிட்டது. அந்தக் குதிரைக்கு வெறிதான். எங்கேயோ ஊர்வலத்தில் தெருநாய் கடித்திருக்கிறது. டாக்டர் உன் கடிதத்தைக் கேட்டார், பத்திரப்படுத்தி வைக்க. கொடுக்க மாட்டேன் என்றேன். பிறகு, "உன் அக்காவுக்கு இப்போதும் தெரிகிறதா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் போட்ட மருந்து உன்னுடையது மாதிரி இல்லை. உன்னுடையது பல குதிரை, பல வகை. இது ஒரே ஓர் உயிரணுவிலிருந்து வந்தது. கிருமியின் ஒரே ஓர் இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் செய்யும் உயிரணுவைத் தேடி எடுத்து, அதைச் சாகாத உயிரணு ஒன்றோடு இணைத்து, தொட்டியில் பெருக்கிக்கொண்டே இருப்பார்களாம். முதல் உயிரணு யாருடையது என்று டாக்டரிடம் கேட்டேன். ஓர் எலியுடையது என்றார். அந்த எலி செத்து வெகு காலம் ஆகியிருக்கும். அதன் அந்த ஓர் உயிரணு மட்டும் இன்னும் சாகவில்லை.

மத்தியானங்களில் நான் கண்ணை மூடினால் லாயம் வருவதில்லை. இருட்டு. அதில் என் நெஞ்சின் மேல் சின்னதாக, சூடாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கனமே இல்லை. விழித்துக்கொண்டிருக்கிறது. எதையும் காட்டுவதில்லை, எதையும் சொல்வதில்லை. அதைச் சுற்றி வேறு யாருமே இல்லை. அது எனக்குத் துன்பம் எதுவும் தரவில்லை. ஆனாலும் அது அவ்வளவு தனியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். தகரக் கதவு இருக்கும் பக்கமே போகாமல் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். இனி தடுப்பூசி முழுசாகப் போட்டவன் என்பதால் வடக்கு லாயத்துக்கு மாற்றுகிறேன் என்கிறார் டாக்டர். உள்ளே குதிரைகளைத் தொடுவதற்கு முகமூடி, உறை எல்லாம் கொடுப்பார்களாம். முடியாது என்று சொல்லப் போகிறேன். உடன்குடிக்கு வந்து கருப்பட்டி யாவாரம் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


பெரியதாழை,
2 ஏப்ரல் 2025

தம்பி செந்தூருக்கு,

உன் கடிதம் வந்தது. உன் நெஞ்சின் மேல் இருப்பதைப் பற்றிப் பிளாரன்ஸிடம் சொன்னேன். "வெரட்டாண்டாம்னு சொல்லு. காவலுக்கு வந்தது, வேல முடிஞ்சா போயிரும்" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. போகும் வரைக்கும் அதோடு ஏதாவது பேசு. தனியாக இருக்கிறது என்கிறாயே.

எனக்கு இங்கே சரியாகிக்கொண்டு வருகிறது. வற்றல் வற்றலாகத் தெரிகிறது. மத்தியானம் கண்ணை மூடினால் சில நாள் வெறும் இருட்டு, கடல் சத்தம். குதிரைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு மூலையில் ஒன்று, இன்னொரு மூலையில் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. போய்விட்டன என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் என்ன, கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நேற்று எல்லாம் ஒன்றாக வந்தன.

முழு லாயம். ஒன்று பாக்கியில்லை. முதல் தடவையாக எதுவும் கதவைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் நடுவைப் பார்த்து நின்றன. நடுவில் நீ நிற்கிறாய்.

இத்தனை நாளில் உன் முகத்தை அங்கே பார்த்தது இதுதான். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தாய். ஒரு பக்கமிருந்து அல்ல. அத்தனை பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்த்தேன். காதோரம் நரைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தும் அதை நான் கவனிக்கவில்லை. உன் முகம் அப்பா முகம் ஆகிவிட்டது, செந்தூரு. நல்லா இருக்கும்போது இருந்த முகம்.

உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாய். ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தது. பயமே இல்லை உனக்கு. பிறகு அவற்றைப் பார்த்து ஏதோ சொன்னாய். நீளமாகச் சொன்னாய். உன் உதடு அசைந்ததைப் பார்த்தேன், சத்தமும் கேட்டது, ஆனால் அவற்றுக்குத் தமிழ் தெரியாதே. எனக்கும் அது வெறும் சத்தமாகத்தான் வந்தது. நீ அழுதாயா சிரித்தாயா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ பேசி முடித்ததும் அவை எல்லாம் தலையைத் தாழ்த்தின. அதோடு எல்லாம் அணைந்துவிட்டது. இனி வராது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது.

கடிதம் எழுதியதும் மனசு மாறி அங்கே போய்விட்டாயா? எப்போது போனாய்? அவற்றிடம் என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது.

அக்கா


சாத்தாரா,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இன்னும் அங்கே போகவில்லை.

முடியாது என்று எழுதிய காகிதம் நேற்று வரைக்கும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஊருக்கு ரயில் டிக்கெட்கூடப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் உன் கடிதம் வந்தது.

டாக்டரிடம் போய், வடக்கு லாயத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளை காலையில் என்னை உள்ளே கூட்டிப் போகிறார். கொஞ்சம் வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். உட்கார்ந்து யோசித்துக்கொண்டேயிருக்கிறேன், அக்கா. நீளமாகச் சொன்னேன் என்கிறாய். இதுவரை ஒரு சொல்கூடத் தோன்றவில்லை.

செந்தூர்